கதையில்லாத காதல் பாட்டு நெல்லையில் என்ன செய்கிறது?

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'கட்சி சேர' என்ற காதல் பாடலும், அதே ஆண்டின் நடுப்பகுதியில் 'ஆச கூட' என்ற இன்னொரு காதல் பாடலும் யூடியூபில் வெளியாயின. இரண்டுக்கும் இசையமைத்துப் பாடியவர் சாய் அபயங்கர். பின்னணிப் பாடகர்களான திப்பு, ஹரிணி இணையரின் மகனான அவருக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. பாடல்களை எழுதியவர் ஆதேஷ் கிருஷ்ணா. வெளியிட்டது திங்க் மியூசிக் நிறுவனம். முதல் பாடலின் காணொளியில் சம்யுக்தா விஸ்வநாதனும், இரண்டாவதில் பிரீத்தி முகுந்தனும் நடித்தார்கள். இரண்டாவது பாடலில் சாயின் சகோதரி சாய் ஸ்மிருதியும் உடன் பாடியிருக்கிறார். இவற்றுக்குப் பின்னால் படமும் இல்லை, கதாநாயகனும் இல்லை, முதல் நாள் முதல் காட்சியும் இல்லை. ஆயினும் இரண்டும் யூடியூபில் தலைக்கு 10 கோடிப் பார்வைகளைத் தாண்டின. அந்த ஆண்டின் ஆனி முகூர்த்தங்களிலும் ஆடி மாதக் கோயில் கொடைத் திருவிழாக்களிலும் பாளையங்கோட்டை முதல் பாபநாசம் வரை காதில் விழுந்துகொண்டே இருந்தன.

பார்வை எண்ணிக்கையை வைத்து ஒரு பாடலின் வரவேற்பை அளப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த எண் எத்தனை முறை காணொளி ஓடியது என்பதைச் சொல்லுமே தவிர, பாடல் எந்த ஊருக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தது, அங்கே எதற்குப் பயன்பட்டது என்பதைச் சொல்லாது. சென்னையில் உருவாகி, சென்னை இளைஞர்களின் உடையையும் நடையையும் காட்டும் ஒரு பாடலை நெல்லைச் சீமை ஏன் இவ்வளவு எளிதாக உள்ளே விட்டது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அந்தப் பாடல்களுக்குக் கதை இல்லாததே காரணம் என்பது என் எண்ணம். குறையாகச் சொல்லப்படும் அந்த வெறுமைதான் இங்கே அவற்றுக்கு அனுமதிச் சீட்டாக இருந்தது.

தமிழில் காதல் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு என்பது நெடுங்கால வழக்கம். அதற்கு வெளியே ஒரு பாடல் புகழ்பெறுவது அரிது என்றாலும், தென்மாவட்டத்துக்கு அது முற்றிலும் புதிதன்று. 1950களில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்கு முகம் கொடுக்காதிருந்த காலத்தில் இலங்கை வானொலி அந்த இடத்தைப் பிடித்தது. திருச்செந்தூர், உவரி போன்ற கடற்கரை ஊர்கள் கடலுக்கு அப்பாலிருந்து வந்த அந்த அலைவரிசைக்கு மிக அருகில் இருந்தன; திரைப்பாடல்களைக் கேட்க அதைத் திருகியவர்களுக்குப் பின்னாளில் இலங்கைத் தமிழரின் பொப் பாடல்களும் சேர்ந்தே கிடைத்தன. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' அப்படித்தான் எந்தப் படத்தின் துணையும் இல்லாமல் இங்கே வந்து சேர்ந்தது. சிங்களச் சொற்களின் பொருள் தெரியாமலேயே அதைப் பாடிக்கொண்டு திரிந்த ஒரு தலைமுறை இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டது. சொல் புரியாவிட்டாலும் துள்ளல் புரிந்தால் போதும் என்பதை நெல்லை அப்போதே ஒப்புக்கொண்டிருந்தது என்று இதைக் கொள்ளலாம். 1990களில் சுரேஷ் பீட்டர்ஸ், மால்குடி சுபா போன்றோரின் ஒலிநாடாக்கள் வந்தன. அவை கல்லூரி மாணவர்களைத் தாண்டி ஊருக்குள் போகவில்லை.

திருப்பம் 2011 நவம்பர் 16 அன்று வந்தது. '3' என்ற படத்துக்காக அனிருத் இசையமைத்து தனுஷ் பாடிய 'கொலவெறி' பாடல், ஒலிப்பதிவுக் கூடத்திலேயே எடுத்த எளிய காணொளியாக வெளியாகி உலகம் முழுவதும் பரவியது. படம் வந்ததோ 2012 மார்ச் இறுதியில். இடைப்பட்ட நான்கு மாதங்களில் பாடல் தனியாகவே வாழ்ந்து முடித்துவிட்டது. படம் பார்க்கப் போனவர்கள் ஏற்கெனவே அலுத்துப்போன ஒரு பாடலைத் திரையில் சந்தித்தார்கள். ஒரு பாடலுக்குப் படம் தேவையில்லை, சில வேளைகளில் படம் அதற்குச் சுமையாகவும் ஆகலாம் என்பதை இசை நிறுவனங்கள் அன்று கண்டுகொண்டன. பெருந்தொற்றுக் காலத்தில் திரையரங்குகள் மூடிக் கிடந்தபோது இந்தப் பாடம் கைகொடுத்தது. 2021இல் வந்த 'குட்டி பட்டாஸ்', 'அஸ்கு மாரோ' ஆகிய தனிப்பாடல்கள் தொலைக்காட்சியால் வீட்டுக்கு வீடு அறிமுகமாகியிருந்த முகங்களையும் குரல்களையும் நம்பி வெளியிடப்பட்டவை. அஸ்வின் குமாரையும் சிவாங்கியையும் அறியாத வீடு அந்த ஆண்டில் குறைவு.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்தன. முதலில் 15 நொடி, பிறகு 30, அதன் பிறகு 60, 90 என்று ரீல்ஸின் நீளம் கூடினாலும், பாடல் செய்கிறவர்களின் கணக்கு அந்த முதல் 15 நொடியிலேயே நின்றுவிட்டது. பல்லவிக்குள் ஒரு சிறு வரி, அந்த வரிக்கென்று ஒரு சிறு அசைவு, அதைக் கண்ணாடி முன் நின்று பழகிவிடக்கூடிய எளிமை ஆகிய மூன்றும் ஒரு காதல் பாட்டின் உயிர்நாடியாக மாறின. 'ஆச கூட' காணொளியில் பிரீத்தி முகுந்தனின் நடனம் இந்தக் கணக்குக்குச் சரியாக அமைந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் 'ஸ்டார்' படம் வந்து அவர் முகம் பரிச்சயமாகியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காதலன் இடத்தில் நிற்பவர் நடிகரல்லர், இசையமைப்பாளரே. அவர் பெரிதாக நடிப்பதும் இல்லை. பெண் ஆடுகிறாள், அவர் பார்த்தும் பாடியும் கூட ஆடியும் நகர்கிறார். இருவரும் எந்த ஊர், என்ன வேலை, யார் எதிர்ப்பு, எங்கே பிரிந்தார்கள் என்பதெல்லாம் நமக்குச் சொல்லப்படுவதில்லை. ஒரு திரைப்பட இயக்குநர் இப்படி ஒரு காட்சியை எடுத்திருந்தால் படத்தொகுப்பில் தூக்கி எறிந்திருப்பார். தனிப்பாடலில் அதுவே முழு உருப்படி.

வணிகமும் இதற்கு ஏற்றாற்போலவே இருக்கிறது. திரைப்படத்தில் தயாரிப்பாளர் பாடல் உரிமையை மொத்தமாக ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிடுகிறார். பாடல் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தப் பணம் வந்துவிடும். தனிப்பாடலில் காணொளிச் செலவு முழுவதையும் அந்த ஒரு பாடலே சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். யூடியூப் விளம்பரம், பாடல் செயலிகள், அழைப்போசை, பிறர் பதிவேற்றும் காணொளிகளில் பாடல் இடம்பெறும்போது வரும் பங்கு என்று பல சில்லறை வழிகளில் அது திரட்டப்படுகிறது. ஆகவே பிறர் எடுத்துப் பயன்படுத்துவதற்கு வசதியாகப் பாடல் இருப்பது கலை விருப்பம் மட்டுமன்று, பிழைப்பும்கூட. பயன்படுத்துகிறவருக்கு இடையூறாக நிற்கும் ஒவ்வொரு விவரமும் வருமானத்தைக் குறைக்கும்.

இனி நெல்லைக்கு வருவோம். இங்கே ஒரு பாடல் ஊரறிய வரும் பழைய வழி திரையரங்கம். ராம் முத்துராம் அரங்கில் பெரிய நடிகர்களின் முன்னோட்டத்துக்கே நடக்கும் ஆரவாரத்தைக் காணொளியில் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. தனிப்பாடலுக்கு அந்த வாசல் கிடையாது; கட்அவுட்டும் பாலும் கிடையாது. அது முதலில் நுழைந்த இடம் பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் கலைவிழா மேடை. அடுத்தது கல்யாண மண்டபம். இரண்டில் மண்டபத்தையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

திருமணத்துக்கு முன் மணமக்களை வைத்து எடுக்கும் ப்ரீ வெட்டிங் ஷூட் இப்போது நடுத்தரக் குடும்பங்களிலும் செலவுக் கணக்கில் ஒரு வரியாக ஏறிவிட்டது. தாமிரபரணிப் படித்துறை, மணிமுத்தாறு, பாபநாசம், தென்காசிப் பக்கத்து வயல்வெளி என்று இடங்கள் மாறினாலும் எடுக்கும் முறை ஒன்றுதான்: பெண் திரும்பிப் பார்க்கிறாள், பையன் நடந்து வருகிறான், ட்ரோன் மேலே போகிறது. இந்தக் காணொளிக்குத் திரைப்பாடலைப் பின்னணியாகப் போட்டால் ஒரு சிக்கல் வரும். அந்தப் பாடலோடு ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கும். படத்தில் அந்தப் பெண் செத்துப்போயிருப்பாள், அல்லது அந்தக் காதல் தேறாமல் போயிருக்கும். நிச்சயதாம்பூலம் முடிந்த வீட்டில் ஒரு பெரியம்மா அதைச் சொல்லிக் காட்டாமல் இருக்க மாட்டார். ஒன்றும் இல்லாவிட்டாலும் கதாநாயகனின் முகம் வந்து மணமகன் முகத்தை மறைக்கும். 'ஆச கூட' போன்ற பாடலில் இந்தத் தொல்லை இல்லை. அதில் காலியாக இருக்கும் இடத்தில் செங்கோட்டைப் பெண்ணும் நாங்குநேரிப் பையனும் அப்படியே வந்து நின்றுகொள்ளலாம். இசைக் காணொளியே ஏறத்தாழ ஒரு ப்ரீ வெட்டிங் ஷூட்டைப் போலத்தான் இருக்கிறது என்பதால், படம்பிடிப்பவருக்கும் புதிதாக யோசிக்கும் வேலை மிச்சம்.

மண்டபத்தில் பாடல் ஒலிப்பதற்கும் அது இணையத்தில் ஏறுவதற்கும் சட்டத்தில் ஒரு வேறுபாடு உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், உண்மையான சமயச் சடங்குகளின்போது பாடல்களை இசைப்பதற்கும் ஒலிபரப்புவதற்கும் விலக்கு அளிக்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. மண்டபங்களிலும் விடுதிகளிலும் உரிமத் தொகை கேட்டுத் தகராறுகள் எழுந்ததால், 2023 ஜூலையில் மத்திய அரசு இதை நினைவூட்டிப் பொது அறிவிப்பே வெளியிட நேர்ந்தது. ஆகவே மைக் செட்காரர் வரவேற்பில் இந்தப் பாடலைப் போடும்போது பாடலாசிரியருக்கோ நிறுவனத்துக்கோ காசு போவதில்லை. அதே கல்யாணத்தின் காணொளியை யூடியூபில் ஏற்றினால் கதை வேறு. அங்கே தானியங்கி முறை பாடலை அடையாளம் கண்டு, விளம்பர வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடுகிறது, அல்லது ஒலியை நிறுத்திவிடுகிறது. கல்யாண வீட்டில் இலவசமாக ஒலிப்பதை நிறுவனங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மண்டபத்தில் ஆடியவர்கள் மறுநாள் அதை ரீல்ஸாகப் போட்டுவிடுகிறார்கள் அல்லவா?

கோயில் கொடைக்கு வரும்போது விஷயம் இன்னும் ஆழமாகிறது. பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் ஊர்களில் கொடை நடக்கும். வில்லிசை, சாமியாட்டம், கரகாட்டம் இவற்றோடு ஓர் இரவு ஆடல் பாடல் நிகழ்ச்சியும் இருப்பது வழக்கமாகிவிட்டது. அதற்குக் காவல் துறையின் அனுமதி வேண்டும். மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகிறார்கள். அனுமதி கிடைக்கும்போது ஆபாசம் கூடாது, எந்தச் சாதியையும் எந்த அரசியல் கட்சியையும் குறிக்கும் பாட்டோ உடையோ கூடாது போன்ற நிபந்தனைகளோடுதான் கிடைக்கும்.

இந்த நிபந்தனைகள் ஏன் வந்தன என்று இந்தப் பக்கத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. சாதியைக் காட்டப் பள்ளி மாணவர்கள் கையில் கட்டும் கயிற்றின் நிறம்கூட இங்கே சண்டைக்குக் காரணமாகியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. 2024 ஜூனில், இந்தப் பாடல்கள் ஊரெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த அதே பருவத்தில், அந்தக் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. இப்படிப்பட்ட சூழலில் திரைப்பாடல் வெறும் பாடலாக இருப்பதில்லை. எந்தப் படம், எந்த ஊர்க் கதை, கதாநாயகன் யாராக நடித்தான், இயக்குநர் யார் என்பதெல்லாம் சேர்ந்து சில பாடல்களை ஒரு தெருவின் பாடல்களாகவும், அதனாலேயே அடுத்த தெருவுக்கு ஆகாத பாடல்களாகவும் மாற்றிவிடுகின்றன. தென்மாவட்டத்தைக் களமாகக் கொண்ட படங்களின் பாடல்களுக்கு இந்த ஒட்டுதல் அதிகம். மைக் செட்காரர் ஒரு பாடலைப் போடுவதற்கு முன் கமிட்டியாரின் முகத்தைப் பார்ப்பது இதனால்தான்.

கதையில்லாத காதல் பாட்டு இங்கேதான் தன் முழுப் பயனையும் காட்டுகிறது. அதற்கு ஊர் இல்லை. அதில் வீச்சரிவாள் இல்லை. மீசை முறுக்கும் நாயகன் இல்லை. தலைப்பிலேயே 'கட்சி' இருந்தும் எந்தக் கட்சிக்காரரும் உரிமை கொண்டாட முடியாத பாடல் அது. எந்தத் தெருவின் கொடையிலும் போடலாம், எந்தக் கமிட்டியும் எழுந்து வராது, பந்தோபஸ்துக்கு நிற்கும் காவலரும் நிம்மதியாக நிற்கலாம். இதை அந்தப் பாடலை உருவாக்கியவர்கள் எண்ணிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ரீல்ஸுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கழித்துக்கட்டிய விவரங்கள், நெல்லையில் வேறொரு பாரத்தைக் கழித்துக் கொடுத்திருக்கின்றன. இதைச் சமூக நல்லிணக்கம் என்று மிகைப்படுத்திச் சொல்ல நான் தயாராக இல்லை. காதலைப் பற்றிய பாட்டை எல்லாத் தெருவும் கேட்கிறது. தெரு தாண்டிக் காதலிப்பவர்களுக்கு இங்கே என்ன நேர்கிறது என்பதும் நாம் அறிந்ததே. அந்தப் பேச்சைப் பாடல் தொடாமல் இருப்பதனால்தான் அதை எல்லோரும் போட முடிகிறது.

கொடையில் பாடல் அடையும் இன்னொரு வடிவத்தில் காணொளி முற்றாக மறைந்துவிடுகிறது. நாகசுரம், தவில், பம்பை, உறுமி, தாளம் கொண்ட நையாண்டி மேள செட் அந்த ஆண்டில் பேசப்படும் பாடல்களைக் கரகாட்டத்துக்கு வாசிப்பது நெடுநாள் வழக்கம். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் 1962இல் 'கொஞ்சும் சலங்கை' வழியாகத் திரைக்குப் போய்ப் புகழ்பெற்ற ஊர்ப்பக்கம் இது. திரையிலிருந்து பாட்டு நாகசுரத்துக்குத் திரும்பி வருவதும் இங்கே இயல்பு. ஆனால் மின்னணுத் தாளத்தில் செய்த தனிப்பாடல் இந்த மேளத்துக்குள் அப்படியே அடங்காது. கணினியின் தாளம் பெரும்பாலும் நான்கு நான்காக நேராக விழுகிறது. நையாண்டி மேளத்தின் துள்ளல் மூன்று மூன்றாக உருளும் திஸ்ர நடையிலிருந்தே வருகிறது. ஆகவே தவில்காரர் நடையை வளைக்கிறார், நாகசுரக்காரர் வரியைச் சற்று இழுத்து அதன் மேல் உட்கார வைக்கிறார். மென்பொருள் கொண்டு துண்டாக்கி ஒட்டிய குரல் ஒலிகளை வாசிக்க வழியில்லை, அவற்றை விட்டுவிடுகிறார்கள். எஞ்சி நிற்பது பல்லவியின் மெட்டு மட்டுமே. அது நின்றால் பாட்டு நிற்கும். சாயின் மெட்டுகளில் கர்நாடக இசைப் பழக்கத்தின் வளைவுகள் கொஞ்சம் தங்கியிருப்பது இங்கே உதவுகிறது. வெறும் தாளத்தையும் பேச்சையும் நம்பிய பாடல்களுக்கு நாகசுரத்தில் வேலை இல்லை.

எதிர்ப்புக் குரல்களும் உண்டு. அவற்றில் பாதி நியாயமானவை. ஒரு தேநீர்க் கடைப் பெஞ்சில் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்த பையனிடம், "ஏல, இது என்ன பாட்டுல, ஒரு வார்த்த வெளங்க மாட்டுக்கு" என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். குரல் கலவையில் சொல் அமுங்கிப்போவது உண்மைதான். வரிகளை முதன்மையாக வைத்துப் பாடலை மதிப்பிடும் தமிழ் ரசனைக்கு இது உறுத்தலாகவே இருக்கும். பாடகர் வீட்டுப் பிள்ளை என்பதால் கிடைத்த வாய்ப்பு என்ற குறையும் சொல்லப்படுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தைப் பிறந்ததிலிருந்தே அறிந்த ஒருவருக்கு இருக்கும் வசதி அம்பாசமுத்திரத்தில் கீபோர்டு பழகும் பையனுக்கு இல்லை என்ற அளவில் அது சரி. அந்த வசதி ஒரு பாடலை வெளியே கொண்டுவரும். அதை ஊரார் வாய்க்குள் கொண்டுபோய் வைக்காது. 2025இல் வந்த அவருடைய மூன்றாவது தனிப்பாடலான 'சித்திர புத்திரி'யும் அதே பாணியில்தான் அமைந்தது. முந்தைய இரண்டைப் போல அதை இந்தப் பக்கத்து மண்டபங்களில் நான் கேட்கவில்லை.

இதற்குள் சினிமா அவரை அழைத்துக்கொண்டது. 2025இல் மலையாளத்தில் 'பல்டி', அந்த ஆண்டுத் தீபாவளிக்குப் பிரதீப் ரங்கநாதன் நடித்த 'டூட்' ஆகிய படங்கள் அவர் இசையில் வந்தன. 'டூட்' படத்தின் 'ஊரும் பிளட்' பாடலும் பரவலாக ஒலித்தது. ஆனால் அதைக் கேட்கும்போது பிரதீப் ரங்கநாதனின் முகமும் அந்தப் படத்தின் கதையும் கூடவே வருகின்றன. ப்ரீ வெட்டிங் ஷூட் எடுக்கும் வீடுகளும் கொடைக் கமிட்டிகளும் அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்கின்றன என்பது வரும் முகூர்த்தங்களிலும் கொடைகளிலும் தெரியும். அழகான மெட்டாக இருந்தாலும், மணமகன் நிற்க வேண்டிய இடத்தில் அந்தப் பாடலில் ஏற்கெனவே ஒருவர் நிற்கிறார்.